ஹொஸ்கோட்டை ஏரி மீனின் நீளம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மர்பி டவுன் மாதா கெபிக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் சொல்கிறேன். எங்காவது ஒரு பொய் தட்டுப்பட்டால் எனக்கு மிச்சமிருக்கும் பற்களும் விழட்டும். மேலே ஒரு பல் ஏற்கெனவே ஆடுகிறது, அதை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நாணு பெட்டியின் மூடியை இரண்டு கைகளாலும் அழுத்தினார். மூடி ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் எழும்பியது. அந்தப் பக்கம் போய் அழுத்தினார். இந்தப் பக்கம் எழும்பியது. தலைமாட்டில் நின்றிருந்த மௌரீன் கணவரின் டையை நேராக்கினாள்.

“ஆகல்லம்மா,” என்றார் நாணு. பிரேசர் டவுனில் அவர் சவப்பெட்டிக் கடை வைத்து நடத்துகிறவர். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மூடிகளை மூடியவர். “பெட்டி ஸ்டாண்டர்ட் சைஸ். சார்தான் ஸ்டாண்டர்ட் இல்ல.”

சார் என்பது மௌரீனின் கணவர் ரெமிஜியஸ். தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கல்யாணத்துக்குத் தைத்த கருப்பு சூட்டில், சீவிவிட்ட மீசையோடு, பார்க்க லட்சணமாகத்தான் படுத்திருந்தார். தகராறு கைகளில் இருந்தது. முழங்கைகள் மடங்கி, இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி மேலே தூக்கி நின்றன. நடுவில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். கோட்டு மாட்டுவதற்கு மட்டும் அது ரொம்ப வசதியாக இருந்தது.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜெயராமன் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரெமிஜியஸோடு ஒரே ஸ்கூட்டரில் தூண்டில் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவர் அவர். ரெமிஜியஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹொஸ்கோட்டை ஏரியில் தான் பிடித்த கட்லாவின் கதையை ஆரம்பித்தார். அந்த மீனை வெளியே இழுத்ததும் ஏரியில் தண்ணீர் இறங்கி, நடுவில் நின்ற எருமைகளுக்கு முழங்கால் தெரிந்துவிட்டதாம். ஸ்கூட்டரில் இடம் போதாமல் பஸ்ஸில் ஏற்றினால், கண்டக்டர் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டாராம்.

“எவ்ளோ பெருசுன்னா...” என்று ரெமிஜியஸ் இரண்டு கைகளையும் விரித்தார். அப்படியே நிறுத்தினார்.

அந்த இடத்தில் அவர் எப்போதுமே நிறுத்துவார். கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ஆகவே ஜெயராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மௌரீன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயம் அரியத் திரும்பினாள். ஒரு ஓவர் முடிந்தது. விளம்பரம் வந்தது, போனது. அடுத்த ஓவரும் முடிந்த பிறகுதான் ஜெயராமன் மூச்சை விட்டார்.

“டேய் ரெமி, சொல்லித் தொலையேன்டா, எவ்ளோ பெருசு?”

டாக்டர் வந்து பார்த்தார். வலி தெரிந்திருக்காது என்றார். கைகளைப் பற்றிக் கேட்டதற்கு, தான் இருதய டாக்டர் என்றார்.

இப்போது வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. நாலு மணிக்குக் கோவிலில் பூசை. ஃபாதர் சுனில் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். பெட்டியை மூடாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது.

“ஜெபமாலைய கையில சுத்தணுமே அண்ணி,” என்றாள் ரெமிஜியஸின் தங்கை சிந்தியா. “இந்தக் கையிலருந்து அந்தக் கைக்குப் போட்டுப் பாத்தேன். துணி காயப்போடற கொடி மாதிரி தொங்குது.”

மகன் க்ளென் குரலைத் தாழ்த்தினான். “எங்க ஆபீஸ்லருந்து எல்லாரும் வந்திருக்காங்க மம்மி. டாடி அவங்கள கட்டிப் பிடிக்க வர்ற மாதிரி இருக்காரு. மேனேஜர் பயந்து வெளியவே நின்னுட்டாரு.”

“வேற பெட்டி, கொஞ்சம் அகலமா?” என்று நாணுவைக் கேட்டான்.

“செஞ்சுடலாம் தம்பி,” என்றார் நாணு. “நாளைக்கு ஆகும். ஆனா குழி வெட்டியாச்சே. உங்க தாத்தா குழி அது. ரெண்டு பக்கமும் ஆளுங்க இருக்காங்க. அவங்கள நகரச் சொல்ல முடியுமா?” பிறகு மௌரீனின் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: “முழங்கை முட்டில ஒரு தட்டு தட்டினா போதும்மா. சும்னே ஒரு தட்டு. அவருக்குத் தெரியவே தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் மௌரீன்.

நாணு தன் சுத்தியலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் கைகள் இறங்காவிட்டால் சுத்தியல் மறுபடி பையிலிருந்து வெளியே வரும் என்று மௌரீனுக்குத் தெரியும். சிந்தியாவே எடுத்துக் கொடுப்பாள்.

முதலில் க்ளென் முயன்றான். வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறவன். பெட்டியின் மேல் குனிந்து, அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து உள்ளே தள்ளினான். கைகள் அரை அடி வந்தன. அவன் மூச்சு வாங்க விட்டபோது திரும்ப விரிந்தன. முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

“மீன் வளந்துடுச்சு,” என்றார் ஜெயராமன்.

“அங்கிள், ப்ளீஸ்.”

“நீ தள்ளுப்பா, நான் பேசறேன். அவன் மிரட்டினா கேக்க மாட்டான். உண்மைய சொன்னா கேப்பான்.” ஜெயராமன் பெட்டியின் அருகில் முட்டி போட்டு, நண்பனின் காதில் பேசினார். ஆனால் அவருக்கே காது மந்தம் என்பதால் அது தெருமுனை வரை கேட்டது. “ரெமி, நான் பக்கத்துலதானடா இருந்தேன். கட்லாவும் இல்ல, கிட்லாவும் இல்ல. உள்ளங்கை அளவு ஒரு ஜிலேபி மீன். அதையும் கரைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள காக்கா தூக்கிட்டுப் போச்சு. போதும், கைய மடக்கு.”

கைகள் சட்டென்று இன்னும் அகலமாக விரிந்தன. இடது கை தலைமாட்டு மெழுகுவர்த்தி ஸ்டாண்டைத் தட்டிவிட்டது. சிந்தியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அண்ணா,” என்றாள் மௌரீன். “இன்னிக்காவது அவர் பேச்சுக்குக் குறுக்க பேசாம இருங்களேன்.”

ஜெயராமன் விடவில்லை. அலமாரி மேலிருந்து ரெமிஜியஸின் மௌத் ஆர்கனைத் தேடி எடுத்து அவர் உதட்டில் வைத்தார். வாசிக்க வேண்டுமென்றால் கைகள் குவிந்துதானே ஆக வேண்டும்? கைகள் குவியவில்லை. ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் மெலிதாகக் கேட்டது. ஃபேன் காற்று என்றான் க்ளென். அப்போது கரண்ட் இல்லை.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க,” என்றாள் மௌரீன்.

கதவு சாத்தப்பட்டது. பெட்டியின் பக்கத்தில் ரெமிஜியஸின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூலையில் டிவி, சிந்தியா போர்த்திய படுக்கை விரிப்புக்குள் இருந்தது.

அந்த டிவியில் சத்தம் வைக்கும் வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. ஸ்பீக்கர் எந்தக் காலத்திலோ போய்விட்டது. ரிப்பேருக்குக் கொடுக்க ரெமிஜியஸ் சம்மதிக்கவே இல்லை. சீரியலில் வரும் அத்தனை பேருக்கும் அவரே பேசினார். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், வக்கீலுக்கு மூக்கால் ஒரு குரல். ஒருமுறை சிந்தியாவின் வீட்டில் அதே சீரியலைச் சத்தத்தோடு பார்த்த மௌரீன் திடுக்கிட்டுப் போனாள். அங்கே மாமியார் சொத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் வீட்டில் அதே மாமியார் அத்திபெலே எல்லையில் தக்காளி கடத்திக்கொண்டிருந்தாள். மௌரீன் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு ஆபரேஷன் ஆன வருஷம், டிவியைக் கட்டிலுக்கு எதிரே தூக்கி வைத்து மாதக்கணக்கில் பேசினார். தொண்டை கட்டிப்போன நாட்களில் எல்லா மருமகள்களும் ஆண் குரலில் அழுதார்கள். தையல் பிரிந்துவிடும், சிரிக்க வைக்காதீர்கள் என்று நர்ஸ் திட்டியது அவளையல்ல, அவரை. அந்த முறை அவள் எழுந்து நடந்துவிட்டாள்.

மௌரீன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். வாரம் முழுக்கச் சாக்பீஸ் தூள், தலைவலி. ஊர் என்று அவள் பார்த்தது வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணி. ஆனால் ஞாயிறு சாயங்காலம் அவர் சேற்று வாசனையோடு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தால், காவேரியில் படகை இழுத்துக்கொண்டு போன மீனையும், கொக்குகள் பென்ஷனுக்கு மனு கொடுத்த ஏரியையும் அவள் பார்த்துவிடுவாள். கதை முடியும்போது அவர் கைகளை விரிப்பார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்தக் கைகளை வெளியிலிருந்து இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தள்ளுவாள்.

“இவ்ளோ,” என்பார்.

“ஏங்க, கொஞ்சம் கொறைங்க.”

“சரி, இவ்ளோ.”

“இன்னும்.”

“அநியாயம் பண்றியே. மீன் செத்துடும்.”

கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்ட அளவுதான் மர்பி டவுன் முழுக்க அந்த மீனின் அளவு. அதற்கு மேல் ஒரு விரல் கூட அவர் யாரிடமும் கூட்டிச் சொன்னதில்லை.

மௌரீன் எழுந்து, பழக்கத்தில் அவர் கைகளை வெளியிலிருந்து பிடித்தாள்.

“ஏங்க, கொஞ்சம் கொறைங்க.”

அசையவில்லை. குளிர்ந்து, பலகை மாதிரி இருந்தன. இன்னொரு முறை சொன்னாள். வாசலில் க்ளென் யாரிடமோ “அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்” என்று போனில் சொல்வது கேட்டது. நாணு பையைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

அவள் கைகளை எடுத்துவிட்டாள். நாற்காலியில் சாய்ந்து, அவர் காட்டிய அகலத்தை முதல் முறையாக முழுசாகப் பார்த்தாள். இந்த முனையில் தலை இருந்தால் அந்த முனையில் வால். செதில் ஒவ்வொன்றும் ஒரு சாஸர் அளவு இருக்கும். அத்தனை பெரிய மீன் தண்ணீருக்கு மேல் வந்தால் ஏரி எப்படி இறங்காமல் இருக்கும்?

“சரி,” என்றாள். “இவ்ளோ பெருசுதான்.”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது.

“நெஜமாத்தாங்க சொல்றேன். நம்பறேன்.”

வலது கையின் சுண்டு விரல் கொஞ்சம் தளர்ந்தது.

“எருமைக்கு முழங்கால் தெரிஞ்சுதே, அதையும் நம்பறேன்.”

வலது கை மெல்ல இறங்கி அவர் நெஞ்சில் படிந்தது.

“கண்டக்டர் டிக்கெட் கேட்டது?” அவளுக்கு அங்கே மட்டும் ஒரு நிமிஷம் பிடித்தது. கணக்கு டீச்சர் அல்லவா. “அதுவும் சரி. முழு டிக்கெட்தான் கேட்டிருப்பாரு.”

இடது கையும் வந்து வலது கையின் மேல் உட்கார்ந்தது. மௌரீன் ஜெபமாலையை எடுத்து விரல்களுக்கு நடுவே சுற்றினாள். ரொம்ப நேரம் அந்தக் கைகளின் மேலேயே தன் கையை வைத்திருந்தாள். நன்றி என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னது கிடையாது. அன்றும் அவள் சொல்லவில்லை. டை கோணலாக இருந்ததை மறுபடி நேராக்கிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

நாணு உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார். மௌரீனைப் பார்த்தார். மூடியை எடுத்து வைத்தார். அது சத்தமில்லாமல் படிந்தது.

“இன்னாம்மா பண்ணீங்க? எங்க தொழில்ல இது யாருக்கும் தெரியாதே.”

“ஒண்ணும் பண்ணல. பேசினோம்.”

வண்டியில் பெட்டியின் பக்கத்தில் மௌரீனும் க்ளெனும் உட்கார்ந்தார்கள். சிந்தியா முன்னால் டிரைவரோடு பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அல்சூர் சிக்னல் வந்தது. க்ளென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், போட்டான், மறுபடி கழற்றினான்.

“மம்மி.”

“ம்?”

“அந்த மீன்... நிஜமாவே அவ்ளோ பெருசா?”

மௌரீன் மடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து விரித்தாள். ஒரு கை அவன் மூக்கைத் தாண்டிப் போனது. மற்றொன்று ஜன்னலுக்கு வெளியே போய் வெயிலில் நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர், வண்டி வலது பக்கம் திரும்பப் போகிறது என்று நினைத்து, நிறுத்தி வழி விட்டார்.

ரெமிஜியஸ் என்பது என் பெயர்; மௌரீனை நான் அடக்கம் செய்து இந்த ஈஸ்டரோடு மூன்று வருஷம் ஆகிறது.