பந்து காலை விட்ட கணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, கேட்டு வாங்கப்பட்டது. உலகக் கோப்பைச் சிறப்பிதழுக்காக ஆசிரியர் போன் செய்தார். "மேடம், கால்பந்துன்னா என்னன்னு வீட்டுல இருக்கிற பெண்களுக்கும் புரியணும். விதி, வரலாறு எல்லாம் வரட்டும். உங்க பாணியில ஒரு காதல், கடைசியில கல்யாணம்." சரி என்றேன். கல்யாணம் செய்து வைப்பதுதானே என் வேலை.

முதல் தொடக்கம்: '1863இல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் சிலர் கூடி, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்று…'

(விட்டுவிட்டேன். லண்டனில் எனக்கு யாரையும் தெரியாது.)

இரண்டாவது: 'வாடிப்பட்டி மைதானத்தில் கனகலட்சுமி கொடியைத் தூக்கினாள்.'

இது நிற்கும்.

2

கனகலட்சுமி சிம்மக்கல் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நடுவர் தேர்வில் தேறியவள். பக்கத்து ஊர் அணியில் ஆடும் அழகுராஜாவுக்கும் அவளுக்கும் பரிசம் போட்டாகிவிட்டது. அன்றைய இறுதிப் போட்டியில் ஒரு பக்கம் அவள் பிறந்த ஊர், மறுபக்கம் வாழப்போகும் ஊர். கோட்டோரம் நிற்கவேண்டிய நடுவர் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவள் கையில் கொடியைக் கொடுத்தார்கள்.

"எங்க ஊருப் பொண்ணு."

"எங்க ஊரு மருமகப்பா."

இரு ஊருக்கும் சொந்தம் என்பதால் இரு ஊருக்கும் சம்மதம். உலகத்தில் வேறெங்காவது நடுவரை இப்படித் தேர்ந்தெடுப்பார்களா, தெரியவில்லை.

3

இனி விதி. அணிக்குப் பதினொரு பேர். கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தைக் கையாளக் கூடாது. இதெல்லாம் சுலபம். கஷ்டமானது ஆஃப்சைடு. உங்கள் ஆள் உங்களுக்குப் பந்தை உதைக்கிறார். நீங்கள் எதிரணியின் பாதியில், பந்தைத் தாண்டி நிற்கிறீர்கள். அப்போது உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிராளிகள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பரும் அதில் சேர்த்தி. இல்லையென்றால் ஆஃப்சைடு, கோட்டோர நடுவர் கொடியைத் தூக்குவார். பார்க்கவேண்டியது பந்து உங்களிடம் வந்து சேரும் கணத்தை அல்ல, அவர் காலை விட்டுக் கிளம்பும் கணத்தை.

உலகக் கோப்பையில் இதற்குக் கேமராக்கள் உண்டு. (1930இல் உருகுவேயில் முதல் கோப்பை நடந்தபோது இல்லை. வரலாறு இவ்வளவுதான், ஆசிரியர் மன்னிக்க.) வாடிப்பட்டியில் எல்லாச் செல்போன்களும் அழகுராஜாவின் முகத்தையே படம் பிடித்துக்கொண்டிருந்தன. பந்து கிளம்பிய காலைப் பார்த்தது அவள் மட்டும்தான்.

கடைசி நிமிடத்தில் அவன் கோல் அடித்தான். அவள் கொடியைத் தூக்கினாள். கோல் செல்லாது என்றாயிற்று. அவன் அணி தோற்றது.

4

மறுநாள் அழகுராஜாவிடமிருந்து அவளுக்குப் போன்.

"அம்மா அழுகுது, கனகு. பொறந்த ஊருக்குக் கொடி புடிச்சுட்டான்னு தெருவே பேசுது."

"நீங்க எங்க நின்னீங்க?"



"தாண்டித்தான் நின்னேன். எனக்குத் தெரியாதா?"

"பெறகென்ன?"

"ஊர்க் கூட்டத்துல வந்து, கண்ணு தப்பிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அம்புட்டுத்தான். இல்லேன்னா அம்மா பரிசச் சேலையத் திருப்பிக் கேக்கும்."

"தாண்டி நின்னேன்னு நீங்க சொல்லுங்களேன்."

"நான் எப்படிச் சொல்ல? நாளைக்கு டீம்ல சேப்பாய்ங்களா?"

"அப்ப என்னைய யாரு சேப்பா?"

5

முடிவு அ: அவள் சொல்லிவிடுகிறாள். கல்யாணம். ஆசிரியருக்குப் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமியார் ராமக்காள் "கண்ணு தெரியாத மருமக" என்று சிரிப்பாள். கூடவே அழகுராஜாவும், உண்மை தெரிந்த அந்த வாயால், சிரிப்பான்.

முடிவு ஆ: மறுக்கிறாள். சேலை போய்விடுகிறது. பிறந்த ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது: "நம்ம பொண்ணு நமக்காகச் செஞ்சுச்சு." அப்படியில்லை என்று அவள் சொன்னால் அங்கேயும் நம்ப ஆளில்லை.

முடிவு இ: அழகுராஜாவை ஓர் அடி பின்னால் நிறுத்துகிறேன். கொடி இறங்கியே இருக்கிறது, கோல், மேளம். எழுதியும் பார்த்தேன். எவ்வளவு தங்கமான மாப்பிள்ளை! ஆனால் ஓர் அடி முன்னால் நின்றிருந்தால் அவன் என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே நான் எப்படி…

6

போன் இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது.

"கனகு, கேக்குதா?"

எத்தனையோ பெண்களுக்கு நான் வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவளுக்குக் கொடுக்க என்னிடம் இல்லை. நீங்கள் கொடுங்கள். அவள் என்ன சொன்னாலும் நான் அச்சுக்கு அனுப்புகிறேன். அவன் நின்ற இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.