துரை கடித்த அன்று

குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ரத்தம் நின்றபாடில்லை. அவளுக்கோ வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பள்ளியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு கணவர் வரும் நேரம். இரண்டு பேரும் இதைப் பார்த்தால் துரையின் கதை முடிந்தது.

துரை காது கேட்காத நாய். சாலையோரம் அடிபட்டுக் கிடந்ததை விலங்குகள் காப்பகத்தார் தூக்கிப்போய்த் தேற்றியிருந்தார்கள். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத தோரணைக்காக மகள் வைத்த பெயர் அது. அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மாக்காரி இவள்தான் வாசலை மறித்துக்கொண்டு நிபந்தனை போட்டாள். "ஒரே ஒரு தடவை யாரைக் கடிச்சாலும் சரி, அன்னைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுடணும். அழுகையெல்லாம் என்கிட்ட செல்லாது." வீட்டில் இவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு இப்போது திருதிருவென்று முழிக்கிறாள்.

தப்பு முழுக்க இவளுடையது. தைக்க வெட்டிவைத்திருந்த சீருடைத் துணிமேல் துரை படுத்துத் தூங்கிவிட்டது. "எந்திரிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். காது கேட்காத நாயிடம் கத்திவிட்டு, மதிக்கவில்லையே என்று கோபம் வேறு! தூங்கும்போது தொடாதீர்கள், பக்கத்தில் தரையைத் தட்டி எழுப்புங்கள் என்று காப்பகத்துப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கோபத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது? முதுகில் கைவைத்துத் தள்ளினாள். தூக்கிவாரிப்போட்டு எழுந்த துரை, யாரென்று பார்ப்பதற்குள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. பார்த்ததும் விட்டுவிட்டது. இப்போது தையல் மெஷினுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்குகிறது. பாவம், அதற்கும் பயம்.

அவள் கையில் துணியைச் சுற்றவும் இருவரும் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"கையில என்ன?" என்றார் கணவர்.

"மெஷின் ஊசி விரல்ல ஏறிடுச்சு."

"விரல்ல ஏறினா மணிக்கட்டுல எதுக்கு ரத்தம்? கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மகள் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தாள். துரையின் தட்டையும் போர்வையையும் எடுத்து ஒரு பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னடி பண்ற?"

"நீதானேம்மா சொன்ன. நான் அழமாட்டேன்."

இவள் பையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அதற்குள் கணவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வழி முழுக்க, வீடு திரும்பியதும் அந்தப் பையைத் தூக்க வேண்டியிருக்குமே என்பது மட்டுமே அவள் மனதில் ஓடியது.

நர்ஸ் காயத்தைப் பார்த்த உடனே, "நாய்க்கடிதானே? தெருநாயா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லித் தொலைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"இல்ல. எங்க நாய்."

"தடுப்பூசி போட்டதா? இப்ப எங்க இருக்கு? என்ன பண்ணப் போறீங்க?"

கணவரும் மகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாம் போட்டிருக்கு. வீட்ல பயந்துபோய்க் கெடக்கு. நாங்க போனாத்தான் சாப்பிடும். சீக்கிரம் ஊசியைப் போட்டு அனுப்புங்க சிஸ்டர்."