ஓவனுக்குள் இருந்தவள்

பன் சூடாக்கலாம் என்று ஓவனைத் திறந்தேன். உள்ளே ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

முகம் மட்டும்தான். காதுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர். நான் அலறவில்லை. எங்கள் ஓவனில் மூன்று விரல் கைகள் வெந்திருக்கின்றன, பல்லி வால் வெந்திருக்கிறது, உள்ளேயிருந்து கிழிந்த வயிறு ஒன்றுகூட வெந்திருக்கிறது. என் கணவன் லைலுக்கு அதுதான் வேலை. வேற்றுக் கிரகத்து ஜந்து வந்து ஆளை அடிக்கிற மலிவுப் படங்களுக்கு அவன் ஜந்து செய்து கொடுப்பான். ஸ்டுடியோ ஓவன் பாதி நாள் பழுதாகிக் கிடக்கும் என்பதால் நுரை ரப்பரை எங்கள் வீட்டில்தான் வேக வைப்பான். போன நன்றி நாள் விருந்துக்கு நான் சுட்ட வான்கோழியில் அந்த ரப்பரின் அமோனியா வாடை அடித்தது. என் அக்கா பெவ் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டாள்.

ஆனால் பல்லி வால் வேறு, பொம்பளை வேறு.

"யாரு இவ?" என்று கேட்டேன்.

லைல் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியல. ஸ்டுடியோ அலமாரில கெடந்துச்சு. ஈரமா இருந்துச்சேன்னு காய வெச்சிருக்கேன். கதவ மூடு, சூடு போயிடும்."

"யாருன்னே தெரியாதா?"

"தெரியாது நோரீன்."

எந்த மனைவி இதை நம்புவாள்? நான் ரெசீடாவில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் என்று வாய்கூசாமல் சொல்கிறவர்களின் பற்களை நாளெல்லாம் பார்க்கிறேன். பொய் என்றால் எனக்கு வாசலிலேயே வாசனை வந்துவிடும்.

லைலின் ஸ்டுடியோ என்பது வெனிஸ் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மரக்கிடங்கு. மழை பெய்தால் விண்கலம் ஒழுகும். விண்கலத்தின் சுவர் முழுக்க முட்டை அட்டையும் ஹாம்பர்கர் டப்பாவும்தான். மேலே வெள்ளிப் பெயின்ட். நான் வாரக்கணக்கில் தேடிய என் வடிதட்டு அங்கே கேப்டன் அறையில் விளக்காகத் தொங்குகிறது. இப்போது எடுக்கும் படத்தில் நிலாவிலிருந்து வந்த தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கெல்லாம் முகம் உருகி வழியுமாம். கடைசியில் கதாநாயகிக்கும் உருகுமாம். அதற்காக ஒரு மெழுகுத் தலை செய்ய வேண்டும், அந்தத் தலைக்கு அடியில் நிஜ ஆள் ஒருத்தியின் முக அச்சு வேண்டும். இவ்வளவும் அவன் சொன்னதுதான். யாருடைய முகம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரமாக அவள் எங்கள் சமையலறை மேசையிலேயே குடியிருந்தாள். நான் சாப்பிடும்போது எதிரில் படுத்திருந்தாள். லைல் வேலையிலிருந்து வந்ததும் என்னிடம் "என்ன சமையல்" என்று கேட்டுவிட்டு அவளிடம் போய் உட்கார்ந்துவிடுவான். கட்டைவிரலால் கன்னத்தைத் தடவுவான், இமையைத் தடவுவான், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகப் பார்ப்பான். வேலை செய்துகொண்டே முனகிப் பாடுவான். என்னைப் பார்த்து அவன் முனகி எத்தனையோ வருஷம் ஆகிறது.

எனக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. திமிர் பிடித்த தாடை. என்ன சொன்னாலும் நம்பிவிடுவேன் என்று காட்டிக்கொள்கிற மாதிரி ஒரு உதடு. இப்படிப்பட்ட உதட்டை நம்பவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பியது. அவன் சட்டைப் பையில் ஒரு லிப்ஸ்டிக். கேட்டால், மெழுகுக்கு நிறம் பார்க்க என்றான். காலரில் நீளமாக ஒரு பொன்னிற முடி. கேட்டால், விக் சீவினேன் என்றான். டெசரே என்று ஒருத்தி அடிக்கடி ஃபோன் செய்தாள்; கேட்டால், அவள்தான் கதாநாயகி என்றான். கேட்டதற்கெல்லாம் காரணம் வைத்திருந்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நிஜமாகவே ஒன்றும் செய்யாதவன் திருதிருவென்று முழிப்பான். பொய் சொல்கிறவனிடம்தான் காரணம் தயாராக இருக்கும்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கும் பெவ்வுக்கு ஃபோன் போட்டேன்.

"யாருன்னே தெரியாத பொம்பளையோட மூஞ்சிய எவனாவது மூணு வாரமா தடவிட்டு இருப்பானா?" என்றாள் பெவ். "யாரு காதுல பூ சுத்தறான்? ஏண்டி, நீ இன்னும் அங்க உக்காந்து என்ன பண்ற?"

"நேர்ல போய்ப் பாத்துடறேன். வேற ஒருத்தி இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா, அன்னிக்கே கெளம்பி வந்துடறேன்."

"மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. உன் கத்தரிச்செடியெல்லாம் கொண்டு வராத, தண்ணி ஊத்த ஆளில்ல."

மறுநாள் மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டுடியோவுக்குப் போனேன். லைல் உள்ளே படப்பிடிப்பில் இருந்தான். வாசலில் ஒரு கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் டெசரே உட்கார்ந்திருந்தாள். வெள்ளி உடை, அலுமினியத் தாள் சுற்றிய பூட்ஸ், கையில் சூரை மீன் சாண்ட்விச். சின்னப் பெண்தான். அவள் தாடையை உற்றுப் பார்த்தேன். மேசையில் கிடக்கும் தாடை அது இல்லை என்று அங்கேயே தோன்றியது, ஆனாலும் ஆழம் பார்க்காமல் விட மனமில்லை.

"உங்க முகம் ரொம்ப நல்லா வந்துருக்கு," என்றேன்.

"எங்க?"

"எங்க வீட்டு ஓவன்ல."

அவள் சிரித்ததில் மீன் துணுக்கு என் கைமேல் விழுந்தது. "ஐயோ மன்னிச்சுக்கங்க. நீங்க நோரீன்தானே? அது என் முகம் இல்லீங்க. அச்சு எடுக்கணும்னு மூஞ்சி முழுக்க மாவ அப்பி, மூக்குல ரெண்டு ஓட்டை மட்டும் விட்டு, அசையாம உக்காரச் சொன்னாங்க. எனக்கு லிஃப்ட்ல போனாலே மூச்சு முட்டும். முடியாதுன்னுட்டேன். லைல்தான், பரவால்ல, என்கிட்ட ஒருத்தி இருக்கான்னாரு."

"ஒருத்தி இருக்கான்னாரா?"

"ஆமா. உன்னைவிட அழகுன்னு வேற சொன்னாரு. கொழுப்பப் பாருங்க."

சாப்பாட்டு டப்பாவை அவள் மடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்கிட்ட ஒருத்தி இருக்கா. நான் சந்தேகப்பட்டது சரி என்று தெரியவந்தால் ஒரு திருப்தி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டினேன். கட்டி முடித்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. இறைச்சி தட்டுகிற சுத்தியலை எடுத்துக்கொண்டு, மேசையிலிருந்தவளைத் தூக்கிப் பின்வாசல் சிமென்ட் தரையில் வைத்தேன். முதல் அடி அவள் மேல் விழவில்லை, பக்கத்தில் இருந்த பிளாஸ்டர் கட்டியில் விழுந்தது. தூள் பறந்து இரண்டு கண்ணிலும் புகுந்தது. கண்ணைத் திறக்க முடியாமல், அடுத்த அடி தப்பக் கூடாதே என்று இடது கையால் முகத்தைத் துழாவினேன்.

நெற்றி. புருவம். மூக்குத் தண்டில் ஒரு சின்ன மேடு, அதற்குக் கீழே லேசாக வலப்பக்கம் ஒரு சரிவு.

என் கை நின்றுவிட்டது. அந்த மேடு அதற்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் பட்டு உடைந்த மூக்கு அது. தினமும் படுக்கப் போகுமுன் கோல்டு க்ரீம் பூசும்போது என் விரல் ஏறி இறங்குகிற மேடு.

கண்ணைக் கழுவிவிட்டு வந்து ஒரு கையால் அவளையும் ஒரு கையால் என்னையும் தொட்டுப் பார்த்தேன். கன்னம், தாடை, மேலுதட்டுப் பள்ளம். எல்லாம் நான்தான். முடி இல்லாமல், நிறம் இல்லாமல், கண் மூடி இருந்ததால் எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் லைல் எங்கள் கிளினிக்குக்குப் பல் அச்சு எடுக்கும் மாவு வாங்க வருவான். முகத்தில் அச்சு எடுத்துப் பழக ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் பயப்படுகிறார்கள் என்றான். என் முகத்தை எடுத்துக்கோ என்றேன். அவன் அம்மா வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார வைத்தான். கண் போயிற்று, காது போயிற்று, முகத்தின் மேல் குளிர்ந்த பாரம் ஏறிக்கொண்டே போயிற்று. "பயமா இருந்தா என் கைய அழுத்து, உடனே எடுத்துடறேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அழுத்தவே இல்லை. அந்த உதட்டில் நான் பார்த்தது நடிப்பு இல்லை. அந்தப் பெண் நிஜமாகவே நம்பியிருக்கிறாள்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மூன்று வாரமாக என் மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறேன். திமிர் பிடித்த தாடையாமே. அப்படியானால் அந்தத் திருட்டுப் பயலுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்கிட்ட ஒருத்தி இருக்கா என்றானாம், உன்னைவிட அழகு என்றானாம். வேண்டுமென்றே என்னிடம் தெரியாது என்று சொல்லி விளையாடியிருக்கிறான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். முகத்தைத் துடைத்து மேசையில் வைத்தேன். லிப்ஸ்டிக்கை எடுத்துப் பூசினேன், அவன் மெழுகுக்கு வாங்கியதையேதான். முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் காத்திருந்து ரொம்ப நாளாயிற்று.

லைல் வந்தான். சாவியை மாட்டினான். "என்ன சமையல்?" என்றான்.

"அப்புறம் சொல்றேன். மொதல்ல நீ உண்மையச் சொல்லு. யாரு இவ?"

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா."

"கோவமில்ல. சும்மா சொல்லு."

"சத்தியமா தெரியாது நோரீன். அலமாரில அடித்தட்டுல கெடந்துச்சு. பழைய படம் எதுலயாவது நடிச்ச பொண்ணா இருக்கும்."

"டெசரேகிட்ட அழகுன்னு சொன்னியாமே?"

"அழகுதான?" அவன் எதிரில் உட்கார்ந்து, வழக்கம்போல் கட்டைவிரலை அவள் மூக்கில் வைத்தான். "இந்த மேட்டப் பாரு. இதெல்லாம் உக்காந்து செதுக்குனா வராது. எவ்வளவு அமைதியா இருக்கா. எதையும் நோண்டி நோண்டிக் கேக்காத முகம்."

சொல்லும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே மூக்கு கைக்கெட்டும் தூரத்தில் அவனுக்கு எதிரிலேயே இருந்தது. நான் கண்ணை மூடினேன். மூடியபடி கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் களிமண்ணைப் பிசைகிற சத்தம் கேட்டது.

விளையாட்டெல்லாம் ஒன்றுமில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. லிப்ஸ்டிக் உண்மை, விக் உண்மை, தெரியாது என்றதும் உண்மை. எனக்கும்தான் தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் என் முகத்தைக் கண்ணாடியில் கண் திறந்துதான் பார்த்திருக்கிறேன். நான் தூங்கும்போது பார்த்திருக்க வேண்டியவன் அவன்.

எழுந்துபோய் ஃபோனை எடுத்தேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் பெவ். "இருக்காளா?"

"இல்ல பெவ். வேற பொம்பளை யாரும் இல்ல."

"அப்பாடா. நல்ல வேளை."

"மாடி ரூம கூட்டி வை. நான் வர்றேன்."

அவள் என்னவோ கேட்டாள். நான் ஃபோனை வைத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தேன். சமையலறையைத் தாண்டும்போது, மேசை மேலிருந்த முகத்தை அவன் கைக்குக் கீழேயிருந்து எடுத்துத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

"நீயேதான் யாரும் இல்லன்னு சொன்ன," என்றான் லைல். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அப்புறம் எங்க கெளம்பற? அத ஏன் எடுத்துட்டுப் போற? மெழுகு ஊத்தியாச்சு, சரி, இருந்தாலும் அது ஸ்டுடியோவோடது."

"இதுக்கு ஒரு சொந்தக்காரி இருக்கா. அவகிட்ட குடுக்கப் போறேன்."

"உனக்குத் தெரியுமா அவள?" ஆசையாகக் கேட்டுக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டான்.

"தெரியும்."

வாசற்படியில் நின்று அவனை நேராகப் பார்த்தேன். நல்ல வெளிச்சம் இருந்தது. அவசரப்படாமல் நின்றேன். அவனும் என்னைப் பார்த்தான்.

"பாத்தா அவகிட்ட சொல்லு," என்றான். "ரொம்ப நல்ல முகம்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேன்," என்றேன்.