அவள் நாக்கு சொன்னபடி

"என்ன சொல்லுது?" என்று கேட்பார் அவள் புருஷன் ஃபிட்டர். காபி என்னவோ வாய் திறந்து பேசுகிற மாதிரி. கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்குரூடிரைவரும் கையுமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவர் ஃபிட்டர் வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகு நாலைந்து மாதம் அந்த மனுஷன் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். அப்புறம் யாரோ தூக்கிப்போட இருந்த ஒரு காபி அரைக்கும் மெஷின் கைக்கு வந்தது. எஸ்பிரெசோ என்கிற கெட்டிக் கறுப்புக் காபிக்கு வேண்டிய அளவு பொடிசாக அது அரைக்காது. அதற்கு மேல் பொடிசாகப் போகாமல் கம்பெனிக்காரன் வைத்த தடுப்பு ஆணியைக் கழற்றி எறிந்தார். குளிர்பான டப்பாவை மெல்லிசாக வெட்டி, கொட்டையை அரைக்கிற பல்வட்டு ஆடாமல் இருக்க அதற்கு அடியில் முட்டுக்கொடுத்தார். மெஷின் மாவு மாதிரி அரைத்தது, அவருக்கும் உயிர் வந்தது. ஒரே குறை, வயிற்றுப்புண். காபியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ருசி பார்க்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

அதில் அவள் கெட்டிக்காரிதான், ஒரு காய்ச்சல் வரும்வரை. காய்ச்சல் போகும்போது மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதைக் குடித்தாலும் சூடு மட்டும்தான் தெரிந்தது. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்து, "நல்லாருக்குங்க" என்று சொல்லிவைத்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். ரெண்டு நாள் ரெண்டு மாதமாயிற்று, நாக்கு திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால் மனுஷன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சுவரைப் பார்க்கப் போய்விடுவார். 

ஆகவே கண்ணால் ருசி பார்க்கக் கற்றுக்கொண்டாள். பொடியில் வெந்நீரைத் தள்ளும் மெஷினிலிருந்து காபி வெளுப்பாக மளமளவென்று இறங்கினால், "புளிக்குது." கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தால், "கசக்குது." பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அவளுடைய ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் ஒரு திருகாணியைத் திருகினார்.

அன்றைக்கு ஒரு காபிக்கடை முதலாளி வருவதாக இருந்தது. காபி பிடித்துவிட்டால் அவருடைய கடைகளில் உள்ள மெஷின்களையெல்லாம் ஃபிட்டர்தான் இதே மாதிரி மாற்றிக்கொடுப்பார். விடிந்ததும் ஃபிட்டர் பல்வட்டுகளைத் தீட்டுகிற பசை போட்டுத் தேய்த்து, பட்டறைப் பழக்கத்தில் மண்ணெண்ணெயில் அலசி மாட்டினார். காலமெல்லாம் மண்ணெண்ணெயில் கை கழுவியவருக்கு அது ஒரு வாடையாகவே படவில்லை. அவளிடம் கோப்பையைக் கொடுத்தார். காபி தேன் மாதிரி இறங்கியதை அவள் பார்த்திருந்தாள்.

"பிரமாதம்," என்றாள்.

முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார்.

"என்னங்க இது, மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது?"

"அப்படியா? இருக்காதே. என் வீட்டுக்காரி காலையிலயே குடிச்சுப் பாத்துட்டா."

"நீங்களே சொல்லுங்கம்மா," என்று முதலாளி தன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் குடித்தாள். சூடுகூட ஆறிப்போயிருந்தது. ஆமாம் என்றால், காலையில் பிரமாதம் என்றது எப்படி? இல்லை என்றால், இந்த வேலை கையை விட்டுப் போகும். ஃபிட்டர் அவளைப் பார்த்த பார்வையில் சந்தேகம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள்.

"கேட்டீங்கல்ல?" என்று எழுந்தே விட்டார் ஃபிட்டர். "அவ நாக்கு சொன்னா சொன்னதுதான். உங்களுக்குப் பிடிக்கலேன்னா விடுங்க. அவளைப் பொய்க்காரி ஆக்காதீங்க."

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"போறான் விடு," என்றார் ஃபிட்டர். அதே வீம்பில் முதலாளி வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்தார்.

"ஐயோ, உங்களுக்கு ஆகாதுங்க!"

அவள் கை போவதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டார். வாயில் இருந்தது தொண்டைக்குள் இறங்க நேரமாயிற்று. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். இப்போது கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தாள். கேட்டுவிட மாட்டாரா என்றுகூட இருந்தது.

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தாரே, அந்தப் பார்வை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பிறகு மெஷினைப் பிரித்தார். பல்வட்டுகளை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்து, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. மாட்டி, அரைத்து, புதுக் காபியோடு வந்து நின்றார். அது எப்படி இறங்கியது என்று அவள் கவனித்திருக்கவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தாள். "என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். கொஞ்சம் புளிக்குது, இல்ல?" என்றார் அவசரமாக. கை அதற்குள் ஸ்குரூடிரைவரை எடுத்திருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "கொஞ்சம்."