பத்திர எழுத்தர் திருத்திய நாவல்

இரண்டு தலைமுறைக் குடும்பக் கதையாக இருக்க வேண்டும் என்பது நாவல் போட்டியின் விதி. மூன்று தலைமுறை கேட்டிருந்தால் நான் கலந்துகொண்டிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டே வாக்கியம்தான் வரும். கோபக்காரர். நெஞ்சுவலியில் போனார்.

விழுப்புரத்தில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திண்டிவனம் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ். நாவலை பஸ்ஸில்தான் எழுதினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி மாட்டிக்கொண்ட நாட்களில் எழுதிய பக்கங்களில் இயற்கை வர்ணனை கொஞ்சம் அதிகமாக இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டச்சு செய்து தந்தது அஸ்வினி அக்கா. திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பகலெல்லாம் அடுத்தவர் கல்லீரலைப் பற்றி இங்கிலீஷில் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் என் நாவலைத் தமிழில் அடிப்பாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

முதல் தலைமுறையில் எங்கள் அப்பா பச்சைமுத்துவும் அவர் தங்கை கெங்கம்மாள் அத்தையும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தாத்தா அவரை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், பூர்வீக நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். பதிலுக்கு ஒரு புடவையும் ஓட்டல் சாப்பாடும். அந்த அத்தியாயத்தில் அத்தையை நன்றாக அழவிட்டிருந்தேன்.

இரண்டாம் தலைமுறை நானும் அக்காவும். எங்கள் வாழ்க்கையில் நாவலுக்கு ஆகிற மாதிரி ஒன்றும் நடக்காததால் கடைசி அத்தியாயம் முழுக்கக் கற்பனை. அக்காவையும் அதே மாதிரி கையெழுத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். பெண்ணுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு, சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று தம்பி எழுந்து நான்கு பக்கம் பேசுகிறான். பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறான்.

அதை அடித்து முடித்த அன்று அக்கா கேட்டாள்:

"நெஜமாவே இப்படிப் பண்ணுவியாடா?"

"பின்ன?" என்றேன்.

அன்றைக்கு எனக்கு இரண்டு ஆம்லெட்.

நான் செய்த தவறு ஒன்றுதான். யதார்த்தம் வேண்டுமே என்று எங்கள் மல்லாட்டைக் கொல்லையின், அதாவது வேர்க்கடலை போடும் அந்தப் பூர்வீக நிலத்தின், சர்வே நம்பரை மாற்றாமல் அப்படியே போட்டிருந்தேன். சர்வே நம்பர் உள்ள எந்தக் காகிதமும் ஆனந்தராஜ் கண்ணில் படாமல் எங்கள் வீட்டுப் படியைத் தாண்டாது. ஆனந்தராஜ் பத்திர எழுத்தர். எங்கள் குடும்பத்தில் அதுவரை எழுதப்பட்டதை எல்லாம் அவர்தான் எழுதியிருக்கிறார். அப்பா என் நாவலைப் பிரின்ட் எடுத்து, மஞ்சள் பையில் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான்கு நாள் வைத்திருந்து சிவப்பு மையோடு திருப்பினார். பாத்திரங்களின் பெயர் வரும் இடமெல்லாம் தகப்பனார் பெயரும் வயதும் சேர்த்திருந்தார். பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் மறைந்தது என்ற வரிக்குப் பக்கத்தில், மேற்கு எல்லை யாருடையது என்று கேட்டிருந்தார். அத்தை அழுத பத்தியை அடித்துவிட்டு 'எவருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன்' என்று எழுதியிருந்தார். நான் கஷ்டப்பட்டு எழுதிய ஒரே காதல் காட்சிக்கு நேராக 'சாட்சிகள் இல்லை' என்று இருந்தது.

கடைசி அத்தியாயத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாராம்:

"புள்ள சட்டம் தெரிஞ்சுதான் எழுதியிருக்காருங்க. பொண்ணுக்கும் பங்கு இருக்குது. கல்யாணத்துக்கு முன்னாடியே ஜல்தியா விடுதலை வாங்கிடுங்க. அப்புறம்னா மாப்பிள்ளை வூட்டையும் கூட்டிக்கினு வரணும். பேஜாரு."

அப்பாவுக்கு இது புதுச் செய்தி. அத்தையிடம் வாங்கியது தாத்தா காலத்துச் சங்கதி, இப்போதெல்லாம் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அதோடு தீர்ந்தது என்று இருந்தவர். அக்காவிடம் கையெழுத்துக் கேட்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. என் நாவல் மூலமாகத்தான் தெரிந்துகொண்டார். நல்ல இலக்கியம் வாசகனின் வாழ்க்கையை மாற்றும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். மாற்றியது.

ரிஜிஸ்டர் ஆபீசில் புதன்கிழமைக்கு டோக்கன் போட்டார்கள். உனக்காகத்தானே செய்கிறார்கள் என்று அம்மா என்னைச் சமாதானப்படுத்தினார். நான் கோபித்துக்கொண்டிருந்தால் அது பொருத்தமாக இருந்திருக்கும். அப்பாவிடம் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை அவர் மோட்டார் ரிப்பேரில் இருந்தார். செவ்வாய்க்கிழமை எனக்கு இன்டர்னல் தேர்வு. தவிர, நாவலிலும் தம்பி ஆபீசுக்குப் போன பிறகுதான் பேசுகிறான்.

சாட்சிக் கையெழுத்துக்குக் கெங்கம்மாள் அத்தையை வரச் சொல்லியிருந்தார்கள். அனுபவம் உள்ளவர்.

ஆபீசுக்கு எதிரில், ஆனந்தராஜ் தன் கடையில் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். என் நாவலைவிடத் தெளிவான நடை. விட்டுக் கொடுப்பவர் அஸ்வினி, பெற்றுக் கொள்பவர் பூவரசன், அதாவது நான். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் சொல்லணுமாடா?"

நான்கு பக்கமும் எனக்கு மனப்பாடம். முதல் வாக்கியம் நாக்கில்கூட வந்தது. கொல்லைக்குப் பக்கத்தில் புது ரோடு வரப்போகிறது என்று ஊரில் பேசிக்கொள்வதும் அதே சமயத்தில் ஞாபகம் வந்தது.

"நம்ம டோக்கன் கூப்பிடறாங்கக்கா" என்றேன்.

உண்மையில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அக்கா எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். உள்ளே போனதும் சம்மதத்தோடுதானே என்று எல்லோரிடமும் கேட்பது போல அவளிடமும் கேட்டார்கள். தலையாட்டினாள். கேமராவை நேராகப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள்.

பிறகு ஓட்டல் சாப்பாடு. அப்பா புடவையை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். நல்ல நிறம். அத்தை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எனுக்கு அன்னிக்கி அப்பளம் வெக்கல. நீ கேட்டு வாங்கிக்கோ."

அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை.

மறுநாள்தான் போட்டிக்குக் கடைசி நாள். சாயங்காலம் அக்கா வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்து, ஆனந்தராஜ் திருத்தங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு என் பிரதியைச் சரிபார்த்தாள். கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் கை நின்றது. நடந்ததை எழுதி மாற்றிவிடட்டுமா, அப்படியே விடட்டுமா என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டைப் பற்றி டாக்டரிடம் கேட்கிற குரல்.

அப்படியே இருக்கட்டும் என்றேன். பரிசு கொடுப்பவர்களுக்கு அந்த மாதிரித் தம்பிதான் பிடிக்கும்.

சரி என்று மெயிலில் அனுப்பினாள். லேப்டாப்பை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"சமர்ப்பணம்னு என் பேரப் போட்டிருந்தியே, அத எடுத்துட்டேன். இதுக்கு எங்க வந்து கையெழுத்துப் போடணும்?"

இதற்கு வேண்டாம் என்றேன்.