செயற்கைக் கண்ணீர்

பெற்ற தாய் இறந்த அன்று, பத்திரிகைக்கு எழுதிய இரங்கல் செய்தியில் இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு, மூன்றாவது ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அப்பேர்ப்பட்டவர் இந்த மூன்று மாதமாக எழுந்ததிலிருந்து படுக்கும்வரை தாரை தாரையாக வடித்துக்கொண்டிருந்தார் என்றால், கட்டிய மனைவிக்கு நெஞ்சு இனிக்காமல் என்ன செய்யும்?

அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்தவர். ஒரு 'க்' வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே அவருக்கு வைத்த பெயர் சந்திப்பிழை. மரியாதை தெரிந்தவர்கள் சந்திப்பிழையார் என்பார்கள். மனைவி முன்னறையில் மெஷின் போட்டு, கால்சட்டைக்கு மடிப்பு, திரைச்சீலைக்கு ஓரம் என்று அடித்துக் கொடுப்பவள். தெருவில் அவளுக்குத் தையலம்மா என்று பெயர்.

கல்யாணமான மறுவருஷம், பிரசவத்துக்குப் போன இடத்திலிருந்து தையலம்மா கணவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'மகள் உங்களைப் போலவே முழிக்கிறாள்' என்று அதில் ஒரு வரி. நாலாம் நாள் பதில் வந்தது. பதிலென்ன பதில், அவள் அனுப்பிய அதே கடிதம்தான். ஏழு இடத்தில் சிவப்பு மை. 'முழிக்கிறாள்' அடிக்கப்பட்டு, மேலே 'விழிக்கிறாள்'. குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காகிதத்தை அவள் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வலது கை பேனாவைப் பிடித்துக்கொண்டு தானாக ஆட ஆரம்பித்தது. டாக்டர் பார்க்கின்சன் என்றார். வீட்டுப் பக்கம் வராத அவருடைய தம்பி, கேள்விப்பட்டதை வைத்து அதை 'பார்க்கிங் நோய்' என்றே சொல்லிவந்தார். "நிறுத்தின எடத்துலயே நிக்கறாரே, பேரு சரியாத்தான் வச்சிருக்கான்" என்று அதற்கு விளக்கம் வேறு. நடை குறுகியது. முகம் இஸ்திரி போட்ட துணி மாதிரி சுருக்கம் விழாமல் நின்றுபோனது. குரல் உள்ளே போய், எந்த வார்த்தையைச் சொன்னாலும் முதல் எழுத்து தொண்டையிலேயே தங்கிவிட்டது. ஊரார் எழுத்தையெல்லாம் தேடிப்பிடித்தவருக்குத் தன் எழுத்தைப் பிடிக்க முடியவில்லை.

பிறகுதான் இந்த அழுகை வந்தது.

முதல் நாள் தையலம்மா பதறிவிட்டாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தைப்பதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இமைகள் சிவந்து, இரண்டு கன்னத்திலும் வழிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

உதடு அசைந்தது. "…ரியுது."

"என்ன? புரியுதா?"

"…ரியுது."

மெஷின் தானாக நின்றது. முப்பத்தைந்து வருஷம் கழித்து மனிதருக்குப் புரிந்திருக்கிறது! அவள் எழுந்து போய், அழுகிற ஆளுக்குக் காற்று வேண்டுமே என்று மேசை ஃபேனை இழுத்து, முகத்துக்கு நேராக வைத்து, மூன்றாம் நம்பரில் போட்டாள். முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டாள். ஃபேன் சுற்றச் சுற்றக் கண்ணீர் பெருகியது. கண்ணீர் பெருகப் பெருக அவளுக்குப் பாசம் பெருகியது. பாசம் பெருகினால் ஃபேனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்த வேண்டியதுதானே? நகர்த்தினாள்.

சேதி பரவியது. முதலில் வந்தவர் தம்பி. மெத்தை வியாபாரி. பதினொரு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர். காரணம் அவருடைய கடைத் திறப்புவிழாதான். வந்த விருந்தாளிகளுக்கு நடுவே அண்ணன் போர்டை அண்ணாந்து பார்த்து, "மெத்தை கடைன்னு போட்டிருக்கியே, ஒரு 'க்' எங்கடா? மெத்தைக்குள்ள வச்சுத் தச்சுட்டியா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஒரு தலையணைகூட விற்கவில்லை.

இப்போது தம்பி நாற்காலிக்கு முன்னால் மண்டிபோட்டார். "அண்ணே, அந்த 'க்' விஷயத்துக்கா அழறீங்க? விடுங்கண்ணே. நீங்க என்னக் கேவலப்படுத்தினது உங்களுக்கே புரியுதுல்ல?"

"…ரியுது."

"புரியுதாம் அண்ணி! கேட்டீங்களா? புரியுதாம்!"

மகளுக்கு வெளியூரில் வங்கி வேலை. அவள் வீடியோவில் வந்தாள். திரையை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தார்கள்.

"அப்பா, நான் தெரியறேனா?"

"…ரியுது."

"ஐயோ, தெரியுதாம்மா! என்னப் பாத்ததும் அழறாரும்மா!" என்று அவள் வங்கிக் கழிப்பறையில் நின்று தேம்பினாள்.

ஆளுக்கொரு எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு போனார்கள். சந்திப்பிழையார் தலையை ஆட்டப் பார்த்தார், தலை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால் அது கணக்கில் வரவில்லை. ஃபேனைக் காட்டக் கையை நீட்டினார், நடுங்குகிற கையைத் தம்பி பாசத்தோடு பற்றிக்கொண்டார். மதியம் எல்லாரும் போன பிறகு தையலம்மா அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தான் பட்டதையெல்லாம் வருஷவாரியாகச் சொல்லுவாள். அவர் அழுவார். அவளுடைய கல்யாண வாழ்க்கையிலேயே சுகமான மூன்று மாதம் அதுதான்.

நரம்பு மருத்துவரிடம் போகவேண்டிய நாள் வந்தது. ஒன்றோடொன்று திருகிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேலே டோக்கன் நம்பர், மூலையில் எடை பார்க்கிற மெஷின். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், மாத்திரையில் அரையைக் கூட்டினார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நாலு நிமிஷம்.

வெளியே மருந்துச்சீட்டை விளக்குகிற நர்ஸ் மட்டும் சீட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"மனசு இளகிடுச்சும்மா அவருக்கு," என்றாள் தையலம்மா, கொஞ்சம் பெருமையாகவே. "மூணு மாசமா இப்படித்தான். செஞ்சதையெல்லாம் நினைச்சு நினைச்சு அழறாரு."

"அழறாரா?" நர்ஸ் குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். "ஐயா, கண்ணுல என்ன பண்ணுது?"

"…ரியுது."

"எரியுதா?"

சந்திப்பிழையார் மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "எ…ரியுது," என்றார். முழு வார்த்தை. முழு வார்த்தையும் வெளியே வந்ததைக் கேட்டு அவருக்கே நம்பிக்கை வரவில்லை போல, இன்னொரு முறை சொன்னார். "எரியுது."

"ஒரு நிமிஷத்துக்கு நாம பதினஞ்சு தடவயாவது கண்ணக் கொட்டுவோம்மா," என்றாள் நர்ஸ். "ஐயா மூணு தடவதான் கொட்டினாரு. இந்த நோவுல அது கொறஞ்சு போயிடும். கண்ணு காஞ்சு கெடக்கு."

"காஞ்சு கெடக்கா? குடங்குடமா ஊத்துது, காஞ்சு கெடக்குங்கறீங்க?"

"காஞ்சா உறுத்தும். உறுத்தினா கழுவறதுக்குத் தண்ணி ஊத்தும். அது கண்ணுல ஒட்டாம வழிஞ்சு ஓடிடும். மறுபடி காயும். சரி, வீட்டுல ஃபேன் எங்க இருக்கு?"

தையலம்மா முந்தானை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பக்கத்துல…"

"மூஞ்சிக்கு நேராவா?"

"மூணாம் நம்பர்ல," என்றார் சந்திப்பிழையார். மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதே கிடையாது.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிஷம் வைக்கவேண்டும். பிறகு இமையோரத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சு நனைத்து ஒற்றியெடுக்கவேண்டும், தேய்க்கக் கூடாது. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை. படுக்கும்போது களிம்பு. ஞாபகம் வரும்போதெல்லாம் கண்ணைக் கொட்டச் சொல்லவேண்டும். கண் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடவேண்டும். ஃபேன் கூடவே கூடாது.

மருந்துக் கடைக்காரர் பெட்டியை நீட்டினார். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள். "இது என்ன மருந்துங்க?"

"செயற்கைக் கண்ணீர்ம்மா."

அழுகை நிற்பதற்குக் கண்ணீரை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் ஃபேனை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆள் மூன்று மாதமாக எரிகிறது, எரிகிறது என்று கத்தியிருக்கிறார். இவள் எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டு விசிறிவிட்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கடியில், சொன்னால் அசிங்கம், கோபமும் இருந்தது. அந்த ஏழு சிவப்பு மைக்குக் கிடைத்ததாக நினைத்த மன்னிப்பு முழுவதும் வெறும் காற்றடித்த தண்ணீர்.

பத்து நாளில் சிவப்பு இறங்கியது. பதினைந்தாம் நாள் கன்னம் காய்ந்தது. அவள் உறவுக்கெல்லாம் ஃபோன் போட்டு உண்மையைச் சொன்னாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்தப்பாவப் பாத்து அழுதது வேணா அப்படி இருக்கும்மா. என்னப் பாத்து அழுதது வேற," என்றாள்.

தம்பி நேரிலேயே வந்தார், மாமனாரையும் கூட்டிக்கொண்டு. அண்ணன் தனக்காக அழுவதை அவருக்குக் காட்டவேண்டுமாம். உள்ளே வந்து பார்த்தவர் திகைத்துப்போனார்.

"என்ன அண்ணி, கண்ணு காஞ்சு கெடக்கு! ரொம்ப மோசமாயிடுச்சா?"

"நல்லாயிடுச்சு. இதுக்கு முன்னாடிதான் காஞ்சு கெடந்துது."

தம்பி அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணி, மகளுக்காக அழுதது வெறும் தண்ணியா இருக்கலாம். நான் ஒத்துக்கறேன். ஆனா எங்கிட்ட அழுதது உள்ளேருந்து வந்தது. மாமாவும் வந்திருக்காரு… இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தச் சொட்ட விடாதீங்களேன்."

"ஃபேனும் போடட்டுமா?"

"போட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றார் அவர், கிண்டல் புரியாமல்.

அவள் அகப்பையைக் கையில் எடுத்ததும்தான் புரிந்தது. மாமனாரை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை பெரிய முட்டாள்கள்! மற்றவனுக்கு வந்தது தண்ணீராம், தனக்கு வந்தது மட்டும் கண்ணீராம். சிரித்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்தவள், ஊசியில் நூலைக் கோத்தாள், கோத்த நூலை உருவினாள். ஏனென்றால் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. முதல் நாள், ஃபேன் வைப்பதற்கு முன்னால் வந்த அழுகை. அப்போது காற்றில்லையே. அந்த ஒன்று தனக்காக இருக்கலாம் அல்லவா?

கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்காமல் விட அவள் பெண்ணா, தெய்வமா? எழுந்து போய் அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டாள்.

"என்னங்க. உண்மையச் சொல்லுங்க. ஃபேன் வைக்கறதுக்கு முன்னாடி, மொத மொத அழுதீங்களே, அன்னிக்கு. அன்னிக்காவது எனக்காக அழுதீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். பொய் ஒன்று வேண்டும் என்று அவள் முகம் முழுக்க எழுதியிருந்தது. வாழ்நாளில் ஒரு பிழையைக்கூடத் தெரிந்து விட்டுவைக்காத மனிதர், வாயைத் திறந்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

"இ…ல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"இல்ல."

"அப்ப அந்த மூணு மாசமும் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"திட்டினேன்," என்றார். "ஃபேன…"

எத்தனையோ வருஷமாக அவள் வயிற்றில் கிடந்த காகிதம் மேலே வந்துவிட்டது. முந்தானையைத் தேடுவதற்குள் கண் நிறைந்து, வழிந்து, மூக்கு நுனியில் சொட்டியது. தேம்பினாள். துடைக்கத் துடைக்க வந்தது.

சந்திப்பிழையார் குனிந்து, கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்த தன் கண்ணால், அவள் கண்ணை அக்கறையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நடுங்குகிற கையை மேசைப்பக்கம் நீட்டி, தட்டுத்தடுமாறி ஒரு குப்பியை எடுத்து, அவள் மடியில் வைத்தார்.

"உனக்கும் காஞ்சிருக்கு," என்றார். "ரெண்டு சொட்டு விட்டுக்கோ. எரியாது."