பழைய கோர்ட்டில் கல்யாணம்

எங்கள் ஊர் நகரசபையை இன்னும் யாரும் நகரசபை என்று சொல்வதில்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகிறவனும் "கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றுதான் கிளம்புவான். புதிதாகக் குடிவந்தவர்கள் அவனைக் கொஞ்ச நாள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோர்ட்டு அது. தடித்த சுவர்கள், ஆள் உயரத்துக்கு மேல் தொடங்கும் ஜன்னல்கள். வழக்குகள் புதுக் கட்டடத்துக்குப் போனதும் நகரசபை இங்கே குடிவந்தது. செலவு செய்ய மனசில்லாமல் எதையும் இடிக்கவில்லை. கைதிகளை உட்காரவைத்த அறையில் இப்போது வீட்டுவரி வாங்குகிறார்கள். உள்ளே போகிறவர்களின் முகம் மட்டும் மாறவே இல்லை. நீதிபதி உட்கார்ந்த பெரிய கூடத்தில் பதிவுத் திருமணம் நடக்கிறது. அதே மேடை, அதே பெஞ்சுகள். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி நகரசபைத் தலைவரே மேடையில் நின்று, சம்மதமா என்று கேட்பார்.

அந்தக் கூடத்தில்தான் என் அக்காவுக்கு விவாகரத்து ஆனது. இப்போது அங்கேயே அவள் பெண்ணுக்குக் கல்யாணம். வேறு இடமா கிடைக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். ஊருக்கு இருப்பது ஒரே நகரசபை.

அத்தான் கெட்டவர் இல்லை. பஸ் ஓட்டுகிறவர். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதிப் போட்டிருப்பார்களே, அதை வீட்டிலும் கடைப்பிடித்தார். அக்கா கத்துவாள், அழுவாள். மனுஷன் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருப்பார். கடைசியில் சுவரோடு குடித்தனம் நடத்த முடியாது என்று அவள்தான் வழக்குப் போட்டாள். பிரிய உனக்குச் சம்மதமா என்று நீதிபதி கேட்டபோதும் அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். பாவம், அந்த நீதிபதி ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொண்டார்.

கல்யாணத்தன்று பெண் ஒரே பிடியாக நின்றாள். அப்பா முன் பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டாள். சொன்னால் செய்கிறவள். அக்கா பெற்ற பெண்ணாயிற்றே. மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று, தலைவரும் மேடைக்கு வந்தாயிற்று. அத்தானைக் காணோம்.

தேடிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். மடிப்புக்கூடக் கலையாத புதுச் சட்டையில், கூடத்துக் கதவுக்கு எதிரே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே கோபம். பெற்ற பெண் உள்ளே காத்திருக்கிறாள், இங்கே என்ன தவம் பண்ணுகிறீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

"உள்ள போக கால் வரல" என்றார். "அன்னைக்கு அங்கதான் சம்மதமான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். நின்னதும் வாய் வரல."

அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பினால் கதவைப் பிடித்தபடி அக்கா நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஐயோ, இன்றைக்குப் பார்த்தா கத்தப்போகிறாள் என்று இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

அவள் கத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் நானும் அன்னைக்குக் காத்துக்கிட்டு நின்னேன்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"அது முடிஞ்சு போச்சு" என்றாள் அக்கா. "இன்னைக்கு உங்கள யாரும் எதுவும் கேக்கப் போறதில்ல. நம்ம பொண்ணத்தான் கேப்பாங்க. அவ சொல்ற பதிலையாவது பக்கத்துல உக்காந்து கேளுங்க."

அவர் புதுச் சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். முன் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் எங்கள் பெண் மேடைப் பக்கம் திரும்பினாள்.

தலைவர் கேட்டார். சம்மதம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். உடனே அத்தான் வாய்விட்டு அழுதார், கூடமே திரும்பிப் பார்க்கும்படி. பக்கத்தில் இருந்த அக்கா அவரை அடக்கவே இல்லை.